ஓர் ஆளுக்கு மளிகை வாங்குவது எப்படி?

வேலைக்காகச் சென்னைக்கு வந்து, சில மாதங்கள் விடுதிச் சாப்பாட்டில் நாளைக் கடத்திவிட்டு, பிறகு சிறு சமையலறையுடன் கூடிய ஓர் அறையை வாடகைக்குப் பிடிக்கும் பெரும்பாலோர் முதலில் செய்யும் காரியம், ஊருக்குப் பேசி அம்மாவிடம் மளிகைப் பட்டியல் கேட்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட அந்தப் பட்டியல், ஐந்து பேர் உண்ணும் வீட்டுக்காக, வருகிற விருந்தாளியையும் பண்டிகைப் பலகாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பல ஆண்டுகளாக மாதந்தோறும் எழுதப்பட்டு வந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதன்படி வாங்கிய அரை கிலோ கடுகு, அதற்குப் பிறகு இரண்டு வீடுகள் மாறியபோதும் என்னுடனேயே வந்தது. ஒரு கிலோ ரவை மூன்றாம் மாதத்தில் வண்டு வைத்துக் குப்பைக்குப் போனது. பேரம் பேசுவதையும் மலிவான கடையைத் தேடுவதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதன்முறையாகத் தனியாகக் கடைக்குப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஓர் ஆளுக்கு எது எவ்வளவு செல்லும் என்ற கணக்கைத்தான்.

பட்டியல் எழுதுதல்

கடைக்குப் புறப்படும் முன்பு, வரும் ஒரு வாரத்தில் எந்தெந்த வேளைக்கு வீட்டில் சமைப்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள். மதியம் அலுவலகத்தில் சாப்பிடுகிறவர், காலையில் எழுந்ததும் ஓடுகிறவர், வெள்ளிக்கிழமை இரவு நண்பர்களுடன் வெளியே உண்பவர் ஆகியோர் வாரத்துக்கு 21 வேளைகள் என்று கணக்குப் போடக் கூடாது. எட்டு அல்லது ஒன்பது வேளைகளே தேறும். அந்த வேளைகளுக்கு என்ன சமைக்கத் தெரியும் என்று அடுத்து எழுதுங்கள். சாம்பார், ரசம், தயிர்ச்சோறு, உப்புமா, முட்டைப் பொரியல் என ஐந்து பதார்த்தங்கள் தெரிந்தால், அந்த ஐந்துக்கும் வேண்டிய பொருள்களே உங்கள் பட்டியல். யாரோ ஒருவர் காணொளியில் செய்து காட்டிய குருமாவுக்காகக் கசகசாவும் கல்பாசியும் முதல் மாதத்தில் வாங்க வேண்டாம்.

இனி அளவுகளுக்கு வருவோம். ஓர் ஆளுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு 100 முதல் 150 கிராம் அரிசி போதும்; நாளுக்கு ஒரு வேளை சோறாக்கினால், 5 கிலோ அரிசி ஒரு மாதத்தைத் தாண்டியும் வரும். ஒரு முறை சாம்பார் வைத்து இரண்டு வேளை உண்பதற்கு ஏறத்தாழ 50 கிராம் துவரம் பருப்பு செல்லும் என்பதால், வாரத்துக்கு மூன்று முறை வைத்தாலும் அரை கிலோ பருப்பு மூன்று வாரங்களுக்குக் குறையாமல் நிற்கும். எண்ணெய் ஒரு லிட்டர் வாங்கினால் ஏறத்தாழ ஒரு மாதம் வரும். தாளிப்புச் சாமான்களில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம்: ஒரு தாளிப்புக்கு அரைத் தேக்கரண்டிக் கடுகு போதும் என்பதால் 50 கிராம் வாங்கினாலே பல வாரங்கள் ஓடும். வெந்தயமும் மிளகும் தலா 50 கிராம், சீரகமும் கடலைப் பருப்பும் தாளிப்பு உளுந்தும் தலா 100 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், மிளகாய்த் தூள் 100 கிராம், புளி கால் கிலோ, பெருங்காயத்தில் இருப்பதிலேயே சிறிய டப்பா, தூளுப்பு ஒரு கிலோ என்று தொடங்குவதே சரி. உப்பு மட்டும் கெடாது. மற்றவை எல்லாம் நாள்பட நாள்பட மணம் இழக்கும். இட்லி, தோசைக்கு மாவரைக்கக் கிரைண்டர் இல்லாதவர் இட்லி அரிசியும் முழு உளுந்தும் வாங்கி அடுக்குவதில் பொருளில்லை; தெருமுனையில் விற்கும் மாவுப் பொட்டலத்தை வேண்டிய அன்று வாங்கிக்கொள்ளலாம்.

சாம்பார்ப் பொடியை மட்டும் கடையில் வாங்காமல் ஊரிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து. வீட்டில் வறுத்து மில்லில் கொடுத்து அரைத்த பொடி கால் கிலோ கையில் இருந்தால், சமையல் தெரியாதவரின் சாம்பாரும் வீட்டுச் சாம்பார் போலவே இருக்கும்.

எந்தக் கடை, எந்த நேரம்

பெரிய பல்பொருள் அங்காடியில் யாரும் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள். தயங்கித் தயங்கி நின்று பொருளை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கலாம் என்பது அதன் வசதி. ஆனால் அங்கே பெரும்பாலான பொருள்கள் உறையிட்ட அளவில்தான் கிடைக்கும். வெந்தயம் 100 கிராமுக்குக் குறைவாக இல்லை என்றால் அந்த 100 கிராமையே வாங்கியாக வேண்டும். மேலும், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அட்டை தொங்கும் இடத்தில், தனியாக வாழ்பவர் தன் பட்டியலை மறந்துவிடுவது இயல்பு. அதனால் முதல் இரண்டு மாதங்களுக்கு, சென்னையில் அண்ணாச்சி கடை என்று அழைக்கப்படும் தெருமுனை மளிகைக் கடைக்கே செல்வது நல்லது என்பேன். அங்கே 50 கிராம் மிளகையும் நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள். நீங்கள் கேட்கும் பொருளில் இன்னும் எத்தனை வகைகள் இருக்கின்றன என்பதும் கடைக்காரர் திருப்பிக் கேட்கும் கேள்வியிலேயே தெரிந்துவிடும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நடத்தும் கடைகள் இவற்றில் மிகுதி. "அண்ணாச்சி" என்ற விளி அங்கிருந்து வந்ததே. அவர் உங்களைத் "தம்பி" என்றோ "பாப்பா" என்றோ அழைத்தால், அடுத்த முறை போகும்போது முகம் நினைவில் இருக்கும் என்று பொருள்.

நேரத்தையும் பார்த்துப் போக வேண்டும். மாலை 6 முதல் 9 மணி வரையிலும், சம்பளம் வந்த முதல் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் கடைக்குப் போனால், உங்களுக்குப் பின்னால் ஐந்து பேர் நின்று பெருமூச்சு விடும் நெருக்கடியில் எதையும் கேட்டுத் தெளிய முடியாது. முற்பகல் 11 மணிக்கோ பிற்பகல் 3 மணிக்கோ போனால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும்.

காய்கறிக்குத் தள்ளுவண்டியும் தெருவோரக் கடையும் போதுமானவை. கோயம்பேடு சந்தை மலிவு என்பார்கள். ஆனால் 1996இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தை மொத்த வணிகத்தை மையமாகக் கொண்டது, அங்கே கிலோக் கணக்கில் வாங்கும்போதுதான் விலை குறையும், ஓர் ஆளால் அத்தனை தக்காளியை அழுகும் முன் தின்று தீர்க்க முடியாது. அறையைப் பகிர்ந்துகொள்பவர்கள் நான்கு பேர் சேர்ந்து போவதானால் அது வேறு கணக்கு. மதுரை, கோயம்புத்தூர், சேலம் போன்ற ஊர்களில் வசிப்பவர்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999இல் மதுரையில் தொடங்கிய இத்திட்டத்தில், அடையாள அட்டை பெற்ற விவசாயிகளே நேரடியாக விற்கிறார்கள், அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். விலை தெரியாமல் தடுமாறும் புதியவருக்கு அந்தப் பலகையைப் போல் உதவும் ஆசான் வேறில்லை. ஆனால் விடியற்காலையிலேயே போய்விட வேண்டும்.

கடைக்காரர் திருப்பிக் கேட்கும் கேள்விகள்

"அரிசி ஒரு கிலோ" என்றால், "பச்சரிசியா, புழுங்கலா?" என்ற கேள்வி வரும். நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்தி அரைத்தது புழுங்கலரிசி. அப்படியே அரைத்தது பச்சரிசி. அன்றாடச் சோற்றுக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் புழுங்கலரிசியே. பொங்கலுக்கும் சில பலகாரங்களுக்கும் பச்சரிசி. புழுங்கலிலும் இட்லி அரிசி என்று குண்டான ஒன்று தனியாக உண்டு. அதைச் சோறாக்கினால் வாய்க்கு விளங்காது. அடுத்த கேள்வி, "பழசா, புதுசா?" என்பது. அறுவடையாகிச் சில மாதங்களோ ஓராண்டோ இருப்பில் கிடந்த பழைய அரிசி உதிரியாக வெந்து அளவில் கூடும். புது அரிசி விரைவில் குழைந்துவிடும், தண்ணீரைக் குறைத்து வைக்க வேண்டும். சமையல் பழகுகிறவர் பழைய அரிசி கேட்பதே பாதுகாப்பு. பொன்னியில் ஒரு வகையை முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்கிச் சமைத்துப் பார்த்து, பிடித்திருந்தால் அதே பெயரைச் சொல்லி அடுத்த முறை 5 கிலோப் பை வாங்குங்கள்.

"பருப்பு" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். சாம்பாருக்குத் துவரம் பருப்பு, பொங்கலுக்கும் கூட்டுக்கும் பாசிப்பருப்பு, வடைக்கும் தாளிப்புக்கும் கடலைப் பருப்பு, சட்னிக்குப் பொட்டுக்கடலை. துவரையும் கடலையும் இரண்டும் மஞ்சளாக இருப்பதால் புதியவர் குழம்புவது உண்டு: துவரம் பருப்பு தட்டையாக, வட்டமாக, வழவழப்பாக இருக்கும், கடலைப் பருப்பு அதைவிடப் பெரிது, தடிப்பானது. துவரம் பருப்பில் ஒரு பக்கம் சரிந்து ஆப்பு போல் தோன்றும் மணிகள் கலந்திருந்தால் அது கலப்படமாகச் சேர்க்கப்படும் கேசரிப் பருப்பாக இருக்கக்கூடும், வாங்க வேண்டாம். சீரகத்துக்குப் பதிலாகச் சோம்பை வாங்கி வந்து ரசத்தில் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். சோம்பு சற்றே பருமனாகவும் பச்சை நிறம் கலந்தும் இருக்கும். முகர்ந்தால் இனிப்பு மணம் வரும்.

ஊர்ப் பேச்சும் சில இடங்களில் காலை வாரிவிடும். தென் மாவட்டங்களில் சீனி என்று கேட்டுப் பழகியவர், சென்னையில் சர்க்கரை என்று கேட்க வேண்டும். சென்னைக்காரர் தெற்கே போய்ச் சர்க்கரை கேட்டால் சில இடங்களில் நாட்டுச் சர்க்கரை கைக்கு வரும். திருநெல்வேலிப் பக்கத்தில் பல்லாரி என்பது சென்னையில் பெரிய வெங்காயம். சின்ன வெங்காயத்தைச் சென்னையில் சாம்பார் வெங்காயம் என்றும் சொல்வார்கள். தெரியாத பெயர் வந்தால் வெட்கப்படாமல், "நான் சமைக்கப் பழகுகிறேன், எதற்கு எது என்று சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். சலித்துக்கொள்ளும் கடைக்காரரைவிட, சமையல் குறிப்பையும் சேர்த்துச் சொல்பவரே அதிகம்.

உறையிலும் தராசிலும் பார்க்க வேண்டியவை

உறையிட்ட பொருளில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். எல்லா வரிகளும் அதற்குள் அடக்கம். அதற்குக் கீழே விற்கலாம், மேலே விற்கக் கூடாது. தயாரித்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, நிகர எடை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் ஆகியவையும் இருக்க வேண்டும். சைவப் பொருளுக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கும். இவற்றில் நிகர எடையை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை. அதே உருவத்தில், அதே அலமாரியில் 800 அல்லது 850 கிராம் உறைகளும் நிற்கும், விலை குறைவு என்று எடுத்துவந்த பிறகுதான் அளவும் குறைவு என்று தெரியும். ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் இப்போது உறையில் அச்சிடுவதால், இரண்டு உறைகளை ஒப்பிட அந்த எண்ணைப் பார்ப்பதே எளிது.

ஆவின் பாலில் உறையின் நிறமே அடையாளம்: நீலத்தில் 3 சதவீதம், பச்சையில் 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம் கொழுப்பு. காபி மட்டும் போடுகிறவருக்கு நீலம் போதும். வீட்டில் தயிர் உறைய வைப்பவர்கள் பச்சையை விரும்புவார்கள். அரை லிட்டருக்கு மேல் ஓர் ஆளுக்கு வேண்டியதில்லை.

சில்லறையாக நிறுத்து வாங்கும்போது, மின்னணுத் தராசில் பொருளை வைக்கும் முன் எண் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கூடையோ கிண்ணமோ வைத்து நிறுத்தால் அதன் எடையைக் கழித்திருக்க வேண்டும். சந்தேகத்தோடு முறைத்துப் பார்க்கத் தேவையில்லை. தராசின் பக்கம் கண்ணைத் திருப்பி நின்றாலே போதும். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கிக்கொண்டு, கேட்டும் திருப்பித் தராத கடையைப் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

காய் பொறுக்குதல்

காய்கறி வாங்குவதில் கண்ணைவிடக் கைக்கு வேலை அதிகம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது காலங்காலமாக வரும் பழக்கம்; பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். ஆனால் ஒடித்த காயை எல்லாம் திரும்பப் போட்டுவிட்டு நகர்ந்தால் விற்கும் அம்மாவிடம் வசவு கேட்க நேரிடும், அது நியாயமான வசவும்கூட. ஒன்றிரண்டை ஒடித்துப் பார்த்துவிட்டு, மற்றதைச் சிறியதாகவும் நார் தெரியாததாகவும் பொறுக்குங்கள். முருங்கைக்காயை இரு கைகளாலும் மெல்ல முறுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும். கத்தரிக்காய் பளபளப்பாக, காம்பு பச்சையாக, உருவத்துக்கு எடை குறைவாக இருந்தால் விதை குறைவு. காம்பின் அடியில் ஊசி குத்தியது போன்ற துளை இருந்தால் உள்ளே புழு இருக்கும். உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்ததையும் முளைவிட்டதையும் ஒதுக்குங்கள். தேங்காயைக் காதருகே ஆட்டினால் தண்ணீர் தளும்பும் ஒலி கேட்க வேண்டும். மூன்று கண்களும் ஈரமின்றி, பூஞ்சை இன்றி இருக்க வேண்டும். ஓர் ஆளுக்கு முழுத் தேங்காய் அதிகம் என்றால், சில கடைகளில் மூடியாகவும் தருவார்கள்.

தக்காளியில் நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி என்று இரண்டு குவியல்கள் இருக்கும். நாட்டுத் தக்காளி புளிப்பும் சாறும் மிகுந்தது, ரசத்துக்கு அதற்கு இணையில்லை, ஆனால் இரண்டு மூன்று நாளில் தளர்ந்துவிடும். பெங்களூர்த் தக்காளி கெட்டியான தோலுடையது, வாரம் முழுதும் தாங்கும். அரை கிலோ வாங்கினால், நன்கு பழுத்தது பாதியும் செங்காய் பாதியுமாகப் பொறுக்கிக்கொண்டால் வாரத்தின் இரு பாதிக்கும் சரியாக வரும். வெங்காயத்தைக் கழுத்துப் பகுதியில் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் உள்ளே அழுகத் தொடங்கியிருக்கும். கீரையைக் காலையில் வாங்கி அன்றே சமைக்க முடியுமானால் மட்டும் வாங்குங்கள். அலுவலகம் முடிந்து வரும் வழியில் வாடிய கட்டை மலிவாக வாங்கி, மறுநாளைக்கு என்று வைத்து, மூன்றாம் நாள் தூக்கி எறிவது தனியாக வாழ்பவர்களுக்குப் பொதுவான அனுபவம்.

முட்டை விலை குறித்து ஒரு வார்த்தை. நாமக்கல் மண்டலக் கொள்முதல் விலை நாளிதழ்களில் நாள்தோறும் வெளியாகிறது. கடை விலை அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆறு முட்டைகளுக்கு மேல் ஒரு தடவையில் வேண்டாம். ஒவ்வொன்றையும் எடுத்து விரிசல் பார்த்து வாங்குங்கள்.

நாலைந்து காய்கள் வாங்கி முடித்ததும், கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகக் கேட்பது நம் ஊர் வழக்கம். கொத்தமல்லி விலை ஏறியிருக்கும் நாள்களில் கறிவேப்பிலை மட்டுமே கிடைக்கும். அப்போது வற்புறுத்த வேண்டாம். அங்காடியில் கறிவேப்பிலைக்கும் பட்டைக்குறி ஒட்டிக் காசு வாங்குகிறார்கள் என்பதை நினைத்தால், தள்ளுவண்டி அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதை நாம் தாராளமாக விட்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால், இரண்டு துணிப்பைகளை எடுத்துச் செல்லுங்கள்: ஒன்று மளிகைக்கு, மற்றொன்று காய்க்கு. தக்காளியும் முட்டையும் கடைசியாக, மேலே. பணத்தைக் கைப்பேசியில் செலுத்தினாலும், சில நூறு ரூபாய்கள் சில்லறையாகக் கையில் இருக்கட்டும்; இணைய இணைப்பு படுத்தும் நாள் சரியாக நீங்கள் கடையில் நிற்கும் நாளாக இருக்கும். துண்டுச் சீட்டில் எழுதிக் கூட்டிய கணக்கை அங்கேயே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்; கூட்டலில் தவறுவது கடைக்காரருக்குப் பாதகமாகவும் நேர்வதுண்டு, அப்போதும் சொல்லிவிடுங்கள்.

வாங்கி வந்ததைப் பையோடு மூலையில் வைத்துவிட்டுப் படுத்துவிடக் கூடாது. பருப்பையும் தாளிப்புச் சாமான்களையும் ஈரமில்லாத டப்பாக்களில் அன்றே கொட்டி மூட வேண்டும். ரவையை வெறும் வாணலியில் இலேசாக வறுத்து, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போட்டால் வண்டு எளிதில் வைக்காது. அரிசியில் சில காய்ந்த மிளகாய்களைப் போட்டு வைப்பது பல வீடுகளின் வழக்கம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் சேர்த்து வைத்தால் இரண்டும் விரைவில் கெடும்; காற்றாடும் இடத்தில் தனித்தனியே வையுங்கள். கொத்தமல்லியின் வேரை நறுக்கிவிட்டு, கழுவாமல் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் வரும்.

கடைசியாக, ஒரு தாளில் வாங்கிய பொருளையும் அளவையும் தேதியையும் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு பொருளும் தீரும்போது அந்த நாளை எதிரே குறித்துக்கொண்டே வாருங்கள். என் அறையில் முதல் மாத முடிவில் எண்ணெய்க்கு நேரே 26ஆம் தேதி என்றும், துவரம் பருப்புக்கு நேரே 19ஆம் தேதி என்றும் இருந்தது. கடுகுக்கு நேரே ஒன்றும் இல்லை. இரண்டாம் மாதப் பட்டியலை அந்தத் தாளைப் பார்த்தே எழுதினேன், அம்மாவைக் கூப்பிடவில்லை; ஆனால் சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டதைச் சொல்ல அன்று மாலையே கூப்பிட வேண்டியிருந்தது.